பங்கரில் மணலை அடியுங்கள், பந்தை விடுங்கள்: கோல்ஃப் கேள்வி பதில்

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): பங்கரில் (மைதானத்தின் மணல் பள்ளத்தில்) விழுந்த பந்தைத் தூக்கி அடிக்கப் பார்த்தால், அது அங்கேயே கிடக்கிறது, இல்லையேல் கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பை) தாண்டி ஓடிவிடுகிறது. ஏன்?

பதில்: தூக்கப் பார்ப்பதுதான் காரணம். இந்த அடியில் கிளப் (கோல்ஃப் மட்டை) பந்தைத் தொடுவதே இல்லை. பந்துக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் பின்னால் மணலுக்குள் நுழைந்து மறுபுறம் வெளியேறுகிறது, இடையில் கிளம்பும் மணல் பந்தைச் சுமந்து செல்கிறது. 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியை வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசன், கிளப்பின் அடிப்பாகத்தில் உலோகம் சேர்த்து, அது மணலில் ஆழப் புதையாமல் வழுக்கிச் செல்லுமாறு செய்தார். மணலில் அடிப்பதற்கான கிளப்பான சாண்ட் வெட்ஜில் பவுன்ஸ் எனப்படுவது அந்தப் புடைப்புதான். கிளப் முகத்தை (பந்தை நோக்கும் தட்டைப் பக்கத்தை) முதலில் திறந்துவிட்டு, அதாவது வானத்தைப் பார்க்குமாறு திருப்பிவிட்டு, அதன் பிறகே பிடியுங்கள். பிடித்த பின் மணிக்கட்டைத் திருப்பித் திறந்தால், அடிக்கும் நொடியில் முகம் பழைய நிலைக்கே மூடிக்கொள்ளும். நான் பார்த்தவர்களில் பலர் தடுமாறுவது இங்கேதான். வலக்கை ஆட்டக்காரர் பந்தை இடது பாதத்தை ஒட்டி வைத்து, உடல் எடையையும் அந்தக் காலிலேயே சற்றுக் கூடுதலாக ஊன்ற வேண்டும். மணலில் பட்டதும் கையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (தேவனாம்பட்டினம், கடலூர்): கடற்கரை மணலில் பயிற்சி செய்யலாமா?

பதில்: தாராளமாக. வெள்ளிக் கடற்கரையில் மாலைக் கூட்டம் சேருமுன், விடியற்காலையில், பந்தில்லாமல் செல்லுங்கள். மணலில் விரலால் ஒரு கோடு கிழித்து, அதை இரு பாதங்களுக்கும் நடுவே வைத்துக்கொண்டு வீசுங்கள். கிளப் கிளறிய பள்ளம் கோட்டிலேயே தொடங்கி, ஒரு சாண் நீளத்துக்கு ஆழமின்றி முன்னோக்கி ஓடியிருந்தால் அடி சரி. கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் எடை வலது காலில் தங்கிவிட்டது என்று பொருள். பிறகு அலை நனைத்த ஈர மணலுக்கு இறங்கி அதையே செய்து பாருங்கள். கிளப் துள்ளுவது கையிலேயே தெரியும். பந்து இருந்தால் அதன் வயிற்றில் பட்டுக் கிரீனைக் கடந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் பங்கர்களும் இப்படித்தான் இறுகிக் கிடக்கும் என்பதால், அப்போது முகத்தைக் குறைவாகத் திறந்து, வீச்சையும் சுருக்குங்கள்.

கேள்வி (நெய்வேலி): பங்கரில் மணலைத் தொட்டாலே தண்டனையா?

பதில்: ஒத்திகை வீச்சிலோ, கிளப்பைப் பின்னுக்கு எடுக்கும்போதோ, பந்துக்கு நேர் முன்னும் பின்னுமோ மணலைத் தொட்டால், ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டமுறையில்) இரண்டு அடிகள் தண்டனை. ஆனால் உதிர்ந்த இலை, சுள்ளிகளை அகற்ற 2019 முதல் விதிகள் அனுமதிக்கின்றன.

கேள்வி (அரியாங்குப்பம்): கிரீனின் ஓரத்திலிருந்து சிப் செய்ய (பந்தைத் தாழ்வாகத் தட்டி உருளவிட) எந்த கிளப்?

பதில்: புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தால், கிரீனில் பந்தை உருட்டும் கிளப்பான பட்டரே போதும். புல் சற்று உயர்ந்திருந்தால் எட்டாம் எண் அயர்ன் (இரும்புத் தலை கிளப்). இடையில் பங்கர் போன்ற தடை இருந்தால் மட்டுமே சாண்ட் வெட்ஜைப் பையிலிருந்து எடுங்கள்.