உச்சியை வெட்டலாமா? மரக்கவாத்து பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வீட்டு முன்னால் நிற்கும் மரம் ரொம்ப உயரமாகிவிட்டது. காற்றில் சாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உச்சியை வெட்டிவிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை அம்மா, சில வருடம் கழித்து ஆபத்துதான் கூடும். மரத்துக்குச் சாப்பாடு சமைப்பது இலைகள். அவற்றில் முக்கால்வாசியை ஒரே நாளில் எடுத்துவிட்டால், தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாச்சத்தைச் செலவழித்து மரம் அவசரமாகத் தளிர்விடும். பட்டைக்கு அடியில் உறங்கிய மொட்டுகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். இவைதான் நீர்ப்போத்துகள். பார்க்கிறவர்கள் "நன்றாகத் துளிர்த்துவிட்டது" என்பார்கள். உண்மையில் அது மரம் சேமிப்பைக் கரைத்துப் பிழைக்கப் பார்ப்பது.

இயல்பாக வளர்ந்த கிளையின் அடியில் தண்டும் கிளையும் வருடா வருடம் ஒன்றின் மேல் ஒன்றாகப் புது மர அடுக்கு வைத்து இறுகியிருக்கும். போத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை, வெளி வளையத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்பு மொட்டையடித்த மரம் ஒன்றிலிருந்து முறிந்து விழுந்த போத்தை எடுத்துப் பார்த்தேன். என் கை மொத்தம் இருந்தது. அது ஒட்டியிருந்த வெட்டுமுனையில் நல்ல மரம் கட்டைவிரல் கனத்துக்குத்தான் மிச்சம். உள்ளே விரலால் அழுத்தினால் நனைந்த அட்டை மாதிரி உதிர்ந்தது. விட்டால் பழைய உயரமும் திரும்ப வந்துவிடும், இந்தப் பிடிப்பில்லாத கொம்புகளோடு.

கேள்வி: வெட்டிய இடத்தில் தார் பூசலாமா?

பதில்: வேண்டாம். நம் தோல் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. மரம் அழுகலைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைக்கும், மேலே புது மரம் வளர்ந்து மூடும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970களில் இதைத் தெளிவாக விளக்கினார். தார் அந்த வேலைக்கு உதவாது. அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கவும் செய்யும். எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். கிளை தண்டில் சேரும் இடத்தில் வளையமாகப் புடைத்திருக்கும் கழுத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்ட வழித்தாலும் தப்பு, முளைக்குச்சி மாதிரி நீட்டி விட்டாலும் தப்பு.

கேள்வி: ஒரு தடவைக்கு எவ்வளவு வெட்டலாம்?

பதில்: ஒரு வருடத்தில் பச்சை இலையில் கால் பங்கைத் தாண்டாதீர்கள். வயதான மரத்துக்கு அதைவிட வெகு குறைவு.

கேள்வி: பக்கத்து வீட்டு மரம் எங்கள் பக்கம் நீள்கிறது. வெட்ட உரிமை உண்டா?

பதில்: அது வக்கீலைக் கேட்க வேண்டிய விஷயம்.

கேள்வி: தாருக்குப் பதில் பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன். பெயிண்டும் வேண்டாம், மெழுகும் வேண்டாம்.

கேள்வி: நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள். ஐரோப்பிய நகரங்களில் பிளேன் என்கிற நிழல் மரங்களை விடாமல் மொட்டையடிக்கிறார்கள். நூறு வயது தாண்டியும் நிற்கின்றனவே?

பதில்: அது வேறு முறை சார். மரம் சிறிதாக இருக்கும்போதே தொடங்குவார்கள். வெட்டுவது விரல், மணிக்கட்டுப் பருமன் குச்சிகளை மட்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெட்டுவதால் அங்கே முஷ்டி போல ஒரு முடிச்சு உருவாகும். அந்த முடிச்சில் கத்தி படாது. பிளேன், லிண்டன், வில்லோ போன்ற தாங்கக்கூடிய மரங்களில்தான் இது நடக்கும். இடையில் நிறுத்தவும் கூடாது.

அவரே மறுபடி: அப்போ எங்கள் நாற்பது வருட மரத்தில் இன்றைக்குத் தொடங்கினால் என்ன?

பதில்: தொடை மொத்தக் கிளையை வெட்டினால் வைரம், அதாவது கிளையின் நடு மரம், வெளியே தெரியும். வைரத்தில் உயிருள்ள செல் கிடையாது, அதனால் அழுகலை அடைக்கப் புதுச் சுவர் எழுப்ப முடியாது. அவ்வளவு பெரிய வாயை மரம் மூடுவதற்குள் அழுகல் தண்டுக்குள் இறங்கிவிடும்.

இன்னொருவர்: நான் மரம் ஏறி வெட்டுகிறவன். நீங்கள் சொல்வது சரி, ஆனால் மேலே மின்கம்பி போகிறதே, உச்சியை எடுக்காமல் என்ன செய்ய?

பதில்: உங்களைப் போன்றவர்கள் கேட்பதுதான் எனக்கு நிம்மதி. கம்பியை நோக்கிப் போகும் கிளையை நடுவில் வெட்டாமல், அது பிரியும் கவட்டைக்குத் திரும்பி வாருங்கள். வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிற பக்கக் கிளை, கம்பியை விட்டு விலகிப் போவதாகப் பார்த்து அதை விட்டுவிடுங்கள். வளர்ச்சி அந்தப் பக்கம் திரும்பும், போத்தும் குறையும். கனமான கிளையை முதலில் அடியிலிருந்து கொஞ்சம், அப்புறம் மேலிருந்து, கடைசியில் கழுத்துக்கு வெளியே என்று மூன்று வெட்டாக எடுங்கள். பட்டை உரியாது. கம்பியில் மின்சாரம் நிறுத்தப்படாமல் ஏறவே வேண்டாம்.

கேள்வி: போன மாதம்தான் எங்கள் மரத்தை மொட்டையடித்துவிட்டார்கள். இனி என்ன செய்யலாம்?

பதில்: வரும் தளிரை இப்போது தொடாதீர்கள், மரத்துக்கு இருக்கிற இலை அதுதான். வேர்ப்பரப்பில் சருகு பரப்பி, வறண்ட நாட்களில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தழைச்சத்து உரம் வேண்டாம். இரண்டு மூன்று வருடம் போனதும் ஒவ்வொரு வெட்டுமுனையிலும் திடமான போத்து ஒன்றிரண்டை நிறுத்தி, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து வாருங்கள். நிறுத்திய போத்தின் அடி அழுகுகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் ஏறிப் பார்க்க வேண்டும்.