சாப்பாட்டு வேளையைத் தொலைத்தவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 36. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். காலை முதல் இரவு வரை எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறேன். மிக்சர், காராசேவு, பிஸ்கட், வறுகடலை என்று மேசையிலேயே டப்பாக்கள் இருக்கின்றன. தீர்ந்துவிட்டால் தெருமுனைக் கடைக்கு இறங்கிப் போகிறேன். பசித்துத்தான் தின்கிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. மதியம் அம்மா சமைத்து மூடி வைத்துவிட்டு ஒரு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டுவிடுவார். நான் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ தட்டை மேலே எடுத்துவந்து, திரையைப் பார்த்தபடி பாதி சாப்பிடுவேன். இரவு ஒரு மணிக்கு முன் தூங்குவதில்லை. மூன்று ஆண்டுகளில் 14 கிலோ கூடிவிட்டேன்.

என் அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். நாளுக்கு இரண்டு வேளைதான் சாப்பிட்டார். இடையில் தேநீரைத் தவிர எதையும் தொட்டதில்லை. அவருக்கு இருந்த கட்டுப்பாட்டில் கால்வாசிகூட எனக்கு இல்லையே என்று வெட்கமாக இருக்கிறது. மிக்சருக்குப் பதிலாகச் சிறுதானியத் தின்பண்டங்களுக்கு மாறினால் பயன் இருக்குமா? 16 மணி நேர விரதம் நல்லதா? இந்த வாயைக் கட்ட ஒரு வழி சொல்லுங்கள்.

ச.,
தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

உணவைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடுவது என் வழக்கம். உங்கள் கடிதத்துக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. இந்த மீன்பிடித் தடைக்காலத்தின் பெரும்பகுதியைப் பாம்பனில் என் உடன்பிறந்த தம்பி வீட்டில் கழித்தேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றித்தான் அங்கே நாள்தோறும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். குதிரைவாலி முறுக்கும் எண்ணெயில்தான் வேகிறது. கம்பில் செய்த காராசேவை மேசைமேல் வைத்தாலும் மிக்சரைத் தின்ற அதே வேகத்தில்தான் தின்பீர்கள். நம் மாவட்டத்தில் விளைகிற குதிரைவாலியைச் சோறாக வடித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுங்கள், அது நல்லது. 16 மணி நேர விரதம் சிலருக்கு ஒத்துவருகிறது. ஆனால் ஒரு வேளையைக்கூட உட்கார்ந்து முழுதாகச் சாப்பிடாத ஒருவர் விரதத்தில் தொடங்கவேண்டிய தேவை இல்லை. இவ்வளவுதான் அந்த இரண்டுக்கும் பதில்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்பதை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பீர்கள். என் தம்பி வீட்டுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. கடலில் இருக்கும்போது படகிலேயே உலை வைத்துப் பொங்கிய சோற்றையும், பிடித்த மீனில் வைத்த குழம்பையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வேளை வரை வலையோடு கிடக்கிற அதே ஆட்கள், கரையில் காலை ஏழு மணிக்கு ஒரு பருப்பு வடை, ஒன்பது மணிக்கு ஒரு சுசியம், பதினொரு மணிக்கு இரண்டு பஜ்ஜி என்று பொழுது சாயும்வரை அந்தக் கடையைச் சுற்றியே இருந்தார்கள். மதியம் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை என்று அவர்களுடைய மனைவிமார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். "கடலுக்குள்ள பசிச்சாத்தான் சாப்பாடு, கரையில கண்ணுல பட்டாலே சாப்பாடு" என்றார். அவருடைய வயிறு அந்த இரண்டு மாதத்தில் மாறிவிடவில்லை. நாளுக்கு இருந்த தொடக்கமும் முடிவும் போய்விட்டன, சாப்பாட்டுக்கு இருந்த நேரமும் அவற்றோடு போய்விட்டது. உங்கள் மாடி அறையில் ஆண்டு முழுவதும் தடைக்காலம்தான் நடந்துகொண்டிருக்கிறது.

இனி உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, ஈரக் கையோடு வலையை இழுத்துக்கொண்டிருந்தவருடைய பக்கத்தில் மிக்சர் டப்பா இருக்கவில்லை, அதை வாங்கி வைக்கக் காசும் இருந்திருக்காது. மீன் படாத நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்பாவின் இரண்டாவது வேளை எத்தனை நாள் உங்கள் தட்டுக்கு வந்தது என்பதையும் கேளுங்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உங்களைப் படிக்க வைத்த ஒரு மனிதருடைய இல்லாமையை ஒழுக்கம் என்று பெயர் மாற்றி அவர் தலையில் சூட்டிவிட்டு, அதையே கம்பாக எடுத்து உங்களை அடித்துக்கொள்வது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை. அவர் பட்ட பசியை நீங்களும் படவேண்டும் என்று அவர் விரும்பியிருப்பாரா?

இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம் என் சின்னம்மா. அவர் சின்னப்பாலத்தில் வாழ்க்கைப்பட்டவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பாறையில் கிழிபடாமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னால் மற்றப் பெண்களோடு கிளம்பிவிடுவார். போகும்போது ஒரு செம்பு நீராகாரமும், சுட்ட கருவாடு ஒரு துண்டும், இரண்டு சின்ன வெங்காயமும் மட்டுமே உள்ளே போயிருக்கும். மூச்சடக்கி முங்கிப் பாசி பறிக்கிறவருக்குக் கையும் ஓயாது, வாயைத் திறக்கவும் வழியில்லை. திரும்பி வந்து, பாசியை மணலில் பரப்பி, குளித்து, குழம்பு வைத்து இறக்கியபின் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒன்றாக உட்காருவோம். விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார நானும் என் தம்பியும் சண்டை போடுவோம்.

அவர் குறைவாகச் சாப்பிட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடும் சோற்றை அவர் ஒருவரே சாப்பிடுவார். நிதானமாக, மீனின் முள்ளை எங்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே, கடைசிக் கவளம் ரசத்தோடு முடியும்வரை எழுந்திருக்கமாட்டார். எழுந்து கை கழுவி வாய் கொப்பளித்துவிட்டால் இரவுச் சாப்பாடு வரை அவர் வாயில் வெற்றிலையைத் தவிர வேறொன்றும் போய் நான் பார்த்ததில்லை. பனங்கிழங்கு வரும் தை மாதத்திலும், நுங்கு வரும் கோடையிலும் எல்லோரும் கூடித் தின்போம். அவித்த கிழங்கை நார் உரித்து, நடுவில் இருக்கும் ஈர்க்கைக் களைந்து தின்பதற்கே நேரம் எடுக்கும், கிழங்குக் காலம் முடிந்தால் அதன் நினைப்பும் போய்விடும். தின்பண்டமே இல்லாமல் யாரும் வாழ்ந்துவிடவில்லை. அதற்கு ஒரு பருவம் இருந்தது, தின்பதற்கு ஒரு கூட்டம் இருந்தது.

முழங்கால் தேய்ந்து, தோலெல்லாம் புண்ணாகி, இனிக் கடலில் இறங்க முடியாது என்று ஆனபின் சின்னம்மா இராமநாதபுரத்தில் மகன் வீட்டுக்கு வந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு. பகல் முழுவதும் அவரும் தொலைக்காட்சியும்தான். ஓராண்டுக்குள் அவர் கட்டிலுக்கு அடியில் ரஸ்க் பொட்டலம், அச்சு முறுக்கு டப்பா, பொரிகடலை உருண்டை எல்லாம் வந்துவிட்டன. மதியச் சோற்றைத் தொடாமல் மூடி வைத்துவிடுவார், மாலைக்குள் டப்பா காலியாகியிருக்கும். சர்க்கரை ஏறியது. அவரைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "கடலில் கிடந்தபோது எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவள், இப்படி வாய் நீண்டுவிட்டதே" என்று அவர் முன்னாலேயே சொன்னார். அன்று சின்னம்மா அழுததை நான் மறக்கமாட்டேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் உங்களைப் பற்றி எழுதியிருப்பதும் அந்த உறவினர் சொன்ன அதே சொல்தான்.

பிறகு அவருடைய மருமகள் ஒரு காரியம் செய்தார். அலுவலகம் பக்கத்திலேயே இருந்ததால் மதிய இடைவேளைக்கு வீட்டுக்கு வந்து மாமியாரோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். டப்பாக்களை அவர் ஒளித்துவைக்கவில்லை, சின்னம்மாவுக்கு அறிவுரை எதுவும் சொல்லவுமில்லை. சில வாரங்களில் சின்னம்மா ஒரு மணிக்கு முன்னாலேயே இரண்டு தட்டுகளையும் கழுவி வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தார். கொறிப்பது முழுதாக நின்றுவிடவில்லை. பாதிக்கு மேல் குறைந்தது. மருத்துவர் அதையே பெரிது என்றார்.

இதற்கு உடலில் ஒரு காரணம் இருக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கண்டறிந்தார்கள். பெரும்பகுதி இரைப்பையிலேயே சுரக்கும் இது, நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன் இரத்தத்தில் உயர்ந்து, சாப்பிட்டபின் இறங்குகிறது. ஒருமுறை சோறு வைத்த வாசலுக்குப் பூனை மறுநாளும் அதே நேரத்தில் வந்து நிற்பதைப் போல, பழக்கப்பட்ட நேரத்துக்குப் பசி வந்து நிற்கிறது. எந்நேரமும் கொறித்து உடலைப் பழக்கிவிட்டால் எந்நேரமும் அது கேட்கத்தான் செய்யும். இரவு ஒரு மணி வரை விழித்திருப்பதும் இதைக் கூட்டுகிறது. இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவைக்கப்பட்ட இளைஞர்களுக்குக் கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்ததாக 2004இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது.

பொட்டலத் தீனியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சமைத்த இயல்பான உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த ஆற்றலும் சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் நார்ச்சத்தும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டுமளவு சாப்பிடலாம் என்று விட்டதும், ஆலை உணவு கொடுத்த நாட்களில் அதே மனிதர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனிதரின் மன உறுதி மாறிவிடுமா என்ன? உங்கள் மேசையில் இருக்கும் டப்பாக்களை மாடியில் வைக்காதீர்கள். வீட்டில் இருக்கட்டும், கீழே சமையலறையில் இருக்கட்டும். அதற்குமேல் அவற்றோடு போராடவேண்டாம்.

கீழக்கரையில் எனக்கு ஒரு தோழி உண்டு. ஆண்டின் பதினொரு மாதமும் அவர் கைப்பையில் ஒரு துண்டு தொதலோ முறுக்கோ இருக்கும், பேருந்தில் உட்கார்ந்ததும் கை பைக்குள் போகும். நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்குப் பின் மாலைப் பாங்கு ஒலிக்கும்வரை தண்ணீர்கூட இல்லாமல், தன் எல்லா வேலைகளையும் செய்துகொண்டு இருக்கிறார். எப்படி முடிகிறது என்று கேட்டேன். "திங்கலாமா வேணாமாங்கிற கேள்வியே இல்லையே, அதான் லேசா இருக்கு" என்றார். அவருடைய நம்பிக்கையை எடை குறைக்கும் உபாயமாக நான் சுருக்கமாட்டேன். ஆனால் வேளை முன்பே குறிக்கப்பட்டிருப்பதும், பள்ளிவாசல் கஞ்சிக்கு முன்னால் ஊரே ஒரே நேரத்தில் கை நீட்டுவதும் ஒரு மனிதருடைய பசிக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை நீங்கள் எண்ணிப்பார்க்கவேண்டும். நீங்களோ ஒவ்வொரு கால் மணிக்கும் அந்தக் கேள்வியைத் தனியாக எழுப்பி, தனியாகத் தோற்று, தனியாக வெட்கப்படுகிறீர்கள்.

ஆகவே நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். மதியம் ஒரு மணிக்கு மடிக்கணினியை மூடிவிட்டுக் கீழே இறங்கி அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். கைப்பேசியை மாடியிலேயே விட்டுவிடுங்கள். சோற்றை அளக்காதீர்கள், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், மோர் வரை சாப்பிட்டு எழுந்திருங்கள். அலுவலகத்தில் அந்த நேரத்துக்குக் கூட்டம் வைக்கிறார்கள் என்று எழுதவேண்டாம். சாப்பாட்டு நேரம் என்று சொன்னால் எந்த நிறுவனமும் கவிழ்ந்துவிடாது, நீங்கள் இதுவரை சொல்லிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தலைக்கு மேல் மாடியில் பிள்ளை இருக்க, சமைத்த தாய் அடுக்களையில் தனியாகச் சாப்பிடுவதை நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிக் கடந்துவிட்டீர்கள். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். உங்களுக்கு இருக்கும் அதே சிக்கல் அவருக்கும் தொடங்கியிருக்கக்கூடும். அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று உங்களுக்குத் தெரியுமா?

இரவுச் சாப்பாட்டுக்கும் இப்படி ஒரு நேரம் பிறகு தானாக அமையும். முதலில் மதியம் மட்டும் போதும். ஒரு மாதம் செய்யுங்கள். நடுவில் வாய் தேடினால் தேடட்டும், எழுந்து போய் நாலு வடையைத் தின்றுவிட்டாலும் மறுநாள் ஒரு மணிக்குத் தட்டின் முன் உட்கார்ந்துவிடுங்கள்.

அதற்கு முன் மண்டபத்துக்கோ இராமநாதபுரத்துக்கோ போய் வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். ஓயாத பசியோடு தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அது நீரிழிவின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களில் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இருந்தால், இடைத்தீனியைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். சர்க்கரை தாழ்ந்துபோவது ஆபத்து.

பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அம்மாவையும் அழைத்துப்போய் அவருக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா