தொழில்முறைப் படைவீரராக இல்லாத ஒருவர் போருக்குப் போய் இறந்தார் என்றால் உங்கள் நினைவுக்கு வருபவர் யார்?

எனக்கு ஹென்றி மோஸ்லி, ஆங்கிலேய இயற்பியலாளர். பிளஸ் ஒன் வேதியியல் படித்தவர்களுக்குப் பெயராவது நினைவிருக்கும். தனிம வரிசை அட்டவணைப் பாடத்தில் ஒரு சிறு கேள்விக்கு விடையாக வந்து போவார். அவர் 27 வயதில், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலியில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தவர் என்பதை எங்கள் வகுப்பில் யாரும் சொன்னதில்லை. தேர்வுக்கு வராத செய்தி அல்லவா!

1913இல் மான்செஸ்டரில், இயற்பியலாளர் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் இருந்தார். காற்று நீக்கிய நீளக் குழாய்க்குள் ஒரு குட்டி வண்டித்தொடர், அதன்மேல் வரிசையாக உலோகத் துண்டுகள். தூண்டிலுக்குப் பயன்படும் பட்டு நூலால் அதை இழுத்து, ஒவ்வொரு துண்டையும் எலக்ட்ரான் கற்றைக்கு நேரே நிறுத்தி, அது வெளியிடும் எக்ஸ் கதிரைப் படம்பிடித்தார். அந்தக் கதிர்களின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், தனிமத்துக்குத் தனிமம் சீராக ஒரு படி ஏறியது. அதுவரை அட்டவணையில் தனிமங்களை வரிசைப்படுத்திய அணு எடையை நம்பினால் நிக்கல் கோபால்ட்டுக்கு முன்னால் வந்தாக வேண்டும். மோஸ்லி அந்தப் படிகளை வைத்துக் கோபால்ட்டுக்கு 27, நிக்கலுக்கு 28 என்று இடம் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். 43, 61, 75 ஆகிய இடங்களில் இருக்க வேண்டிய தனிமங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் காட்டினார். மூன்றும் பின்னால் கிடைத்தன. கடைசியாக வந்த 61, 1945இல்.

1914இல் போர் மூண்டபோது ஓர் அறிவியல் மாநாட்டுக்காகத் தாயாருடன் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார். திரும்பியதும் ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்துவிட்டார். பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்ததே 1916இல்தான். ஆகவே இவரை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. 1915 ஆகஸ்ட் 10 அன்று, கலிப்போலியின் சுனுக் பைர் மலைப்பகுதியில், தகவல் தொடர்பு அதிகாரியாக ஓர் உத்தரவைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அவருக்கென்று அடையாளம் தெரிந்த கல்லறை இல்லை. ஹெலஸ் நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

இத்தனை பெரிய மூளையைத் துப்பாக்கி முனைக்கு அனுப்பலாமா என்று ரூதர்போர்டு வெளிப்படையாகவே ராணுவத்தைச் சாடினார். உயிரோடு இருந்திருந்தால் நோபல் பரிசு வாங்கியிருப்பார் என்று இன்றும் பலர் வருந்துகிறார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கணக்கு ஒட்டவில்லை. அதே நாளில் அந்த மலையில் துருக்கியத் தளபதி முஸ்தபா கெமாலின் எதிர்த்தாக்குதலில் இரு தரப்பிலும் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். பரிசுக்கு வாய்ப்பில்லாத அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? மோஸ்லியை நான் நினைப்பது அவருடைய பிடிவாதத்துக்காக. ஆய்வகத்திலேயே இருக்க எல்லா நியாயமும் இருந்தும் போனார். அது வீரமா வீம்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போருக்குப் போன இடத்தில் உயில் எழுதி, தன் சொத்தை ஆராய்ச்சிக்கென்று லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு வைத்துவிட்டார். என்ன நடக்கக்கூடும் என்று தெரிந்தேதான் போயிருக்கிறார்.