ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் 'ஆஃப்ஹேபன்' என்ற சொல் ஆங்கிலத்தில் ஏன் 'சப்லேட்' ஆகிறது? 'கேன்சல்' என்று எழுதினால் போதாதா?

போதாது. ஜெர்மன்காரர்கள் தினமும் பேசும் சொல் அது. கீழே கிடப்பதை எடுப்பது, ஒரு பொருளைப் பத்திரமாக எடுத்து வைப்பது, ஒரு சட்டத்தை ரத்து செய்வது எல்லாவற்றுக்கும் அதே வினைச்சொல்தான். 'தர்க்க அறிவியல்' நூலில் ஹெகலே இதற்கென ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: காப்பதும் முடிவுகட்டுவதும் ஒரே சொல்லில் இருக்கின்றன என்று அதில் மகிழ்கிறார். லத்தீன் 'டொல்லெரே'வுக்கும் 'உயர்த்து', 'ஒழித்துக்கட்டு' என இரண்டு பொருள் உண்டு. இந்த இரு பொருளையும் வைத்து, பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ் ஆன ஆக்டேவியனைப் பற்றி ரோமானியப் பேச்சாளர் சிசரோ அடித்த சிலேடையை ஹெகல் அங்கே நினைவுபடுத்துகிறார். ஆனால் 'பாதுகாத்து வை' என்ற பொருள் அந்த லத்தீன் சொல்லில் இல்லை.

'சப்லேட்' வந்தது அந்த லத்தீன் வினையின் எச்ச வடிவத்திலிருந்துதான். ஆக, ஹெகல் போதாது என்று சொன்ன சொல்லின் வாரிசையே ஆங்கிலம் பிடித்துக்கொண்டது! தவிர, அதைத் தெருவில் யாரும் பேசுவதில்லை. சாதாரணச் சொல் கலைச்சொல்லாகி விறைத்துப்போனது.

ஏ. வி. மில்லர் 1969இல் வந்த தர்க்க நூல் மொழிபெயர்ப்பில் 'சப்லேட்' என்றார். ஹெகலின் இன்னொரு நூலான 'ஆன்ம நிகழ்வியல்' 1977இல் அவர் மொழிபெயர்ப்பில் வந்தபோது பெரும்பாலும் 'சூப்பர்சீட்'. இரண்டாவது இயல்பான ஆங்கிலம், சரி. ஆனால் பழையது போய்ப் புதியது வந்தது என்றுதான் அதில் கேட்கிறது. பழையது புதியதற்குள் தங்கியிருப்பது காதில் விழாது. எனக்கு 'சப்லேட்'தான் மேல். புரியாத சொல் குறைந்தபட்சம் வாசகரை நிறுத்தி யோசிக்க வைக்கும்.