பாத்திரம் ஏற்றினால் ஏன் மைலேஜ் குறைகிறது?
வண்டி கேள்வி பதில்

முகூர்த்த மாதம் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே பிக்கப் வண்டியும் தூரப் பயணமும்தான். காரும் பைக்கும் வைத்திருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். பாத்திரம் ஏற்றிக்கொண்டு எங்கள் பிக்கப் அடிக்கடி சென்னை போகும். போன மாதம் அதே வண்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் ஏற்றி அனுப்பினேன், லிட்டருக்கு 13 கொடுத்தது. பாத்திரத்தோடு போனால் பத்தரைக்கு மேல் வருவதில்லை. கல்லைவிட அண்டா கனமா என்ன? டிரைவர் டீசலில் கை வைக்கிறாரோ என்று சந்தேகம். — ஒரு சமையல்காரர், காரைக்குடி

பதில்: டிரைவரைத் திட்டுவதற்கு முன் அவர் எந்த வேகத்தில் போனார் என்று கேளுங்கள். கல் ஏற்றினால் உடைந்துவிடும் என்ற பயத்தில் யாராக இருந்தாலும் 60-ல்தான் உருட்டுவார்கள். பாத்திரம் உடையாது, அதோடு விடியற்காலை அடுப்பு பற்ற வைக்க வேண்டும், மண்டபத்திலிருந்து போன் மேல் போன் வரும், கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும். வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

வண்டியைத் தடுப்பவை இரண்டு. ஒன்று எடை, இன்னொன்று எதிரே வரும் காற்று. எடை எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இழுக்கும். காற்று அப்படியில்லை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 60-ல் போகும்போது காற்று தடுப்பதை 100 என்று வைத்துக்கொண்டால் 80-ல் அது 178, மணிக்கு 100 கிலோமீட்டரில் 278. சமதளத்தில் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு ஒன்றரை டன் கல்லைவிட இந்தக் காற்று பெரிய சுமையாகிவிடும். திருச்சியிலிருந்து சென்னை 330 கிலோமீட்டர் பக்கம். எங்கேயும் நிற்காமல் 100-ல் போனாலும் 80-ல் போவதைவிட மிச்சமாவது 50 நிமிடம்தான், அதிலும் பாதியை விக்கிரவாண்டி, பரனூர் டோல்கேட் வரிசைகள் பிடுங்கிக்கொள்ளும். தவிர, நாலுவழிச் சாலையில் சரக்கு வண்டிக்குச் சட்டப்படியே உச்ச வேகம் 80-தான். வண்டியோடு வந்த, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னரை யாராவது கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள்.

அடுத்தது ஏற்றும் விதம். கல் பாடியின் தரையோடு படுத்துக் கிடக்கும், கேபின் தலைக்கு மேலே ஒன்றும் தெரியாது. உங்கள் பாத்திரங்களோ கேபினுக்கு மேல் இரண்டடி எழும்பி நிற்கும். அதற்கு மேல் தார்ப்பாய், அதுவும் முன்பக்கம் தளர்ந்து, காற்று உள்ளே புகுந்து பலூன் மாதிரி உப்பிக்கொண்டு போவதைத் திருச்சி ரோட்டில் தினமும் பார்க்கிறேன். பெரிய அண்டாவுக்குள் சின்னது, அதற்குள் அதைவிடச் சின்னது என்று அடுக்கிக் கவிழ்த்து வையுங்கள். அடுப்பும் இட்லிக் கொப்பரையும் அடியில் போகட்டும். கரண்டி மூட்டையையும் தாம்பாளங்களையும் இடுக்குகளில் சொருகலாம். தார்ப்பாயின் முன் ஓரத்தை முதலில் கேபினுக்குப் பின்னால் கீழே மடித்துச் சொருகிவிட்டு, அப்புறம்தான் பக்கவாட்டில் கயிறு போட வேண்டும். எத்தனை அடுக்கியும் கேபினுக்கு மேல் எழும்பினால், பாத்திரத்தைக் குறைத்துக்கொண்டு மீதியைச் சென்னையிலேயே வாடகைக்கு எடுக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

கல் பற்றியும் ஒரு வார்த்தை. முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு சதுர அடி கிட்டத்தட்ட நாலு கிலோ வரும். 400 சதுர அடி ஏற்றினால் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். ஆர்.சி.யில் எவ்வளவு எடை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால் டேங்க் ஃபுல் செய்து, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். போய்த் திரும்பியதும் அதே பங்கில் அதே மாதிரி மறுபடி நிரப்புங்கள். வழியில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் கூட்டி, ஓடிய தூரத்தை அதால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். டேஷ்போர்டில் வண்டி காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு யார் மேலும் பழி போடாதீர்கள்.

கேள்வி: மாதாமாதம் கோயம்புத்தூருக்கு லோடு போகிறேன். போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது ஒரு மைலேஜ். ஆடி மாதத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். வண்டியின் டீசல் பம்பில் ஏதாவது கோளாறா? — ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: பம்பு நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பும்போது காலி வண்டியாக வருகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, அப்படியானால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீதி விடை ஆடிக் காற்று. அம்மியையே பறக்கவைக்கும் காற்று உங்கள் வண்டியை மட்டும் சும்மா விடுமா? தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து நேராக உங்கள் முகத்துக்கு வருகிறது. நீங்கள் 80-ல் போக, எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வண்டியின் முகத்துக்கு அது 110. காற்றின் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும்.

இன்னொன்றும் உண்டு, யாரும் கவனிப்பதில்லை. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குள்தான். கோவை 400 மீட்டருக்கு மேல். மலைப்பாதை எதுவும் குறுக்கே வராததால் ஏறுவதே தெரியாது, ஆனால் வண்டியும் லோடுமாக மூன்று டன்னை 300 மீட்டர் தூக்க ஏறக்குறைய முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் டீசல் அதற்கென்றே போய்விடும். ஆடியில் மேற்கே போவதானால் இரவு பின்நேரத்தில் கிளம்புங்கள், பொதுவாகப் பகலைவிடக் காற்று அடங்கியிருக்கும். வேகத்தையும் பத்து கிலோமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். வேறு வைத்தியம் இல்லை.

கேள்வி: அரிசி மூட்டை ஏற்றும் வண்டி. எல்லா டயருக்கும் ஒரே அளவு காத்து அடிக்கலாமா? மைலேஜுக்கு எவ்வளவு நல்லது? — புதுவயல்

பதில்: கூடாது. டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன் டயருக்கும் பின் டயருக்கும், லோடோடும் லோடு இல்லாமலும் தனித்தனியாகப் போட்டிருக்கும். டயர் சூடேறுவதற்கு முன் காலையில் அடியுங்கள். மைலேஜைப் பொறுத்தவரை உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு பி.எஸ்.ஐ. (காத்து அழுத்தத்தின் அளவு) குறைந்தால் போவது 0.2 சதவீதம் போலத்தான், அதாவது 10 பி.எஸ்.ஐ. குறைந்தாலும் இரண்டு சதவீதம். ஆனால் அந்த நிலையில் லோடோடு வெயிலில் தூரம் போனால் டயர் சூடேறி வெடிக்கும், அந்தச் செலவின் முன்னால் டீசல் கணக்கெல்லாம் தூசு. நல்ல காத்து இருந்தும் வண்டி இழுக்கிற மாதிரி தோன்றினால், ஓடி வந்து நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

கேள்வி: டபுள் கேபின் பிக்கப் வாங்கியிருக்கிறோம். பின் கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் போய் மைலேஜ் கூடும் என்று எங்கள் அப்பச்சி சொல்கிறார்கள். — கானாடுகாத்தான்

பதில்: அப்பச்சி மட்டுமல்ல, உலகம் முழுக்கப் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதையே சொல்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கதவு மூடியிருந்தால் பாடிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருவாகி அங்கேயே நின்றுவிடும், கேபின் மேல் வழிந்து வரும் காற்று அந்தச் சுழல் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கதவை இறக்கினால் அந்தச் சுழல் கலைந்து, பின்னால் இழுவை கூடும். மூடியே ஓட்டச் சொல்லுங்கள், பக்குவமாக.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை தன் ஃபோர்டு எஃப்-150 மைலேஜ் 20 கொடுக்கிறது என்கிறார். நம் ஊர் பிக்கப் 13-தானே கொடுக்கிறது? — பள்ளத்தூர்

பதில்: அவர் சொல்வது ஒரு கேலனுக்கு 20 மைல். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், மைல் 1.609 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் லிட்டருக்கு எட்டரை! அந்த வண்டியைக் குறை சொல்லவும் முடியாது: இரண்டு டன் எடை, பெட்ரோல் எஞ்சின், 2015 மாடலிலிருந்து பாடியை அலுமினியத்தில் செய்து 300 கிலோ வரை குறைத்தும் அவ்வளவுதான் வருகிறது. அங்கே நெடுஞ்சாலை வேகமும் ஒரு காரணம். ஆஸ்டின் பக்கம் ஒரு சாலையில் மணிக்கு 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர் வரை போகச் சட்டமே அனுமதிக்கிறது. மேலே சொன்ன காற்றுக் கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு.

கேள்வி: விடியற்காலையில் டீசல் போட்டால் அதிகம் கிடைக்குமாமே? — திருப்பத்தூர்

பதில்: பங்கில் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே காலையும் மத்தியானமும் ஒன்றுதான். தூங்குங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகும் எங்கள் குழுவோடு ஒரு பிக்கப் வரும். தண்ணீர், சாப்பாடு, பைகள், மைக் செட் எல்லாம் அதில்தான். தூரம் கொஞ்சம்தான், ஆனால் டீசல் செலவு சென்னைக்குப் போய் வந்த மாதிரி ஆகிறது. நன்கொடைப் பணம், கணக்குக் காட்ட வேண்டும். — ஒரு குழுப் பொறுப்பாளர்

பதில்: உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். இந்த அளவு எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். லோடோடு முதல் கியரில் ஊர்ந்தால் ஒரு லிட்டர் என்று வையுங்கள். நடப்பவர்கள் மணிக்கு நாலு கிலோமீட்டர் போகிறார்கள், ஆக லிட்டருக்கு 4. கிளட்ச் பிளேட் தேய்வது தனிச் செலவு.

வண்டி பின்னாலேயே ஊர வேண்டிய அவசியமில்லை. குழுவை முன்னே நடக்க விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பி, அவர்களைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய் நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீர்ப் பந்தல் போட்டு உட்காரட்டும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று இப்படியே தாவித் தாவிப் போனால் ஓடும் தூரமெல்லாம் மூன்றாவது, நாலாவது கியரில்தான் இருக்கும். மைக் செட்டுக்குத் தனி பேட்டரி கொடுங்கள், திருப்புகழ் கேட்பதற்காக எஞ்சினை ஓட்ட வேண்டாம். புது பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியாக இருந்து, புகை வடிகட்டி விளக்கு எரிந்தால், அதை மறைத்துக் கட்டாமல் ஒரு தடவை நல்ல ரோட்டில் சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். நாள் முழுக்க ஊர்ந்தால் அந்த வடிகட்டியில் கரி சேரும்.

இருட்டில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம். விடியும் முன் நடக்கும்போது, பின்னால் விளக்கு மின்னிக்கொண்டு வண்டி ஒன்று வரத்தான் வேண்டும். அதற்கு ஆகும் டீசலைக் கணக்கில் தாராளமாக எழுதுங்கள்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்தானே? — பொன்னமராவதி

பதில்: மிச்சம் இல்லை, ஆபத்து மட்டும்தான். இப்போதைய டீசல் எஞ்சின் கியரில் இருந்து, ஆக்சிலேட்டரில் கால் இல்லாமல் இறங்கினால் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். அதோடு எஞ்சின் பிடிப்பும் போய், முழுச் சுமையும் பிரேக் மேல் விழுந்து, வத்தலக்குண்டு வருவதற்குள் பிரேக் சூடேறி மிதித்தாலும் பிடிக்காமல் போகலாம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி: குலதெய்வம் கோயிலுக்குப் பின்னால் பதினைந்து பேரை உட்காரவைத்துப் போனால் மைலேஜ் எவ்வளவு குறையும்? — கீழச்சிவல்பட்டி

பதில்: இதற்கு மைலேஜ் சொல்ல மாட்டேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதும் பெரும்பாடு. வேன் எடுங்கள். பிக்கப்பில் பொங்கல் பானையும் விறகும் போகட்டும்.