பித்தப்பைக் கல், குடலிறக்கம்: யாருக்கு முதலில் ஆபரேஷன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. கடந்த ஆறு மாதத்தில் மூன்று முறை நடுராத்திரியில் மேல்வயிறு வலித்து, முதுகு வரை இழுத்து, இரண்டு மணி நேரம் துடித்துவிட்டார். கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டோம். இப்போது ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள், பெரியது 9 மி.மீ. என்றும், தொப்புளில் 2 செ.மீ. குடலிறக்கம் (ஹெர்னியா) என்றும் வந்திருக்கிறது. அப்பாவுக்கு 66 வயது. வலது தொடை இடுக்கில் மூன்று வருடமாக வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். வலி கிடையாது. பெல்ட் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்வருகிறார். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். அதற்குள் அப்பாவுக்கு ஆபரேஷனை முடித்துவிட்டு, அம்மாவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். அதுவரை கல்லைக் கரைக்க மருந்து உண்டா? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வந்துவிடும் என்கிறார்கள். கல்லை மட்டும் எடுக்காமல் பையையே ஏன் எடுக்கவேண்டும்? அது இல்லாமல் சாப்பாடு செரிக்குமா? ஓட்டையை மூட அப்பாவுக்கு ஆபரேஷனில் வைக்கிற வலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: நீங்கள் போட்டிருக்கும் வரிசையை மாற்றுங்கள். அம்மாவுக்குத்தான் முதலில் செய்யவேண்டும், அதுவும் கல்யாணத்துக்கு முன்பே. அப்பாவின் நிலைமை நீங்கள் எழுதியபடியே இருந்தால், அவர் தை முடிந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம். அப்பாவின் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதால் அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அம்மாவின் கல் உள்ளே இருப்பதால் கேஸ் என்று தள்ளிப்போகிறது. பல குடும்பங்களில் நான் பார்ப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கும். பித்தப்பை அதில் கொஞ்சத்தை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். நாம் எண்ணெய், நெய், கறி என்று சாப்பிட்டதும் பை சுருங்கி, வைத்திருந்ததைக் குடலுக்குள் பீய்ச்சும். உள்ளே கல் இருந்தால், சுருங்கும்போது அது பையின் கழுத்தில் போய் மாட்டிக்கொள்ளும். வலி வருவது அப்போதுதான். விருந்து சாப்பிட்ட இரவில் வரும், மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்கமோ பிடிக்கும், முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும், அரை மணியிலிருந்து சில மணி நேரம் விடாமல் இருக்கும், கல் நழுவிப் பின்னால் வந்ததும் அடங்கிவிடும். அடங்கும் நேரத்தில் நாம் கேஸ் மாத்திரை போட்டிருப்போம், மாத்திரை கேட்டது என்று நம்பிவிடுவோம். அம்மாவுக்கு வந்த மூன்று வலியும் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்துகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு மேல்வயிற்றில் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து கல்லா கேஸா என்று யோசிக்காமல், பக்கத்து மருத்துவமனையில் உடனே ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஸ்கேனில் கல் இருப்பது தெரிந்த பிறகும் இது பொருந்தும்.

கல் இருக்கிற எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், வலியே தராத கல் ஒன்று தெரியவந்தால், பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடலாம். அப்படிப்பட்ட நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் நான்கு பேருக்குத்தான் தொந்தரவு தொடங்குகிறது. 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், பையின் உட்சுவரில் 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்த சதை (பாலிப்), சுவர் முழுக்கச் சுண்ணாம்பு படிந்த பை என்று சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் வலி ஒருமுறை வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். மறுபடி வருவதுதான் வழக்கம். அடுத்த முறை கல் பின்னால் நழுவாமல் மாட்டியபடியே நின்றால் பை வீங்கிச் சீழ் பிடிக்கும். சின்னக் கல் பித்தக்குழாயில் இறங்கினால் மஞ்சள் காமாலை வரும், கணையமும் வீங்கும். அந்தக் கணைய வீக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். பெரியது 9 மி.மீ. என்றால் மற்றவை அதைவிடச் சிறியவை. இறங்கக்கூடியவை அந்தச் சின்னவைதான். அத்துடன், சர்க்கரை உள்ளவர்களுக்குப் பித்தப்பையில் சீழ் பிடித்தால் சீக்கிரமே அழுகும் நிலைக்குப் போகும், காய்ச்சலும் வலியும் குறைவாகவே தெரியும். கல்யாண வீட்டில் மூன்று நாள் விருந்துச் சாப்பாடு, தூக்கமில்லாத இரவுகள், நேரம் தவறிய மாத்திரைகள். இவ்வளவுக்கும் நடுவில் அம்மாவுக்கு அந்த வலி வரவேண்டாம் என்பதுதான் என் கவலை.

கரைக்கிற மருந்து பற்றி. உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்று ஒரு மாத்திரை உண்டு. நன்றாகச் சுருங்கி விரிகிற பையில் இருக்கும் சின்னக் கொழுப்புக் கற்களைத்தான் அது கரைக்கும். அதற்கும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை ஆகும். கரைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் கல் திரும்பிவிடும். ஆபரேஷனைத் தாங்கவே முடியாத சிலருக்கு மட்டும் இதை யோசிப்போம். அம்மாவுக்கு நான் எழுத மாட்டேன். வாழைத்தண்டுச் சாறு, நிறையத் தண்ணீர் எல்லாம் சிறுநீரகக் கல்லோடு சேர்ந்த பேச்சு. பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் சம்பந்தமில்லை.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்த மறுநாள் மலத்தில் பச்சை உருண்டைகள் வருவது உண்மைதான். அவை பித்தக் கற்கள் இல்லை. அப்படி ஒரு பெண் கொண்டுவந்த உருண்டைகளை நியூசிலாந்து மருத்துவர்கள் சோதித்து, 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவற்றில் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியமும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலங்கள். 40 டிகிரியில் வைத்தால் பத்து நிமிடத்தில் உருகிப் பச்சை எண்ணெயாகிவிட்டன. குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சாறோடு சேர்ந்து சோப்புக் கட்டியாகி வந்திருக்கிறது. இதை வேடிக்கையாக விட்டுவிட முடியாததற்குக் காரணம், அவ்வளவு எண்ணெயை ஒரேயடியாகக் குடித்தால் பை பலமாகச் சுருங்கும். எந்தச் சுருக்கத்தால் கல் மாட்டுகிறதோ அதையே வரவழைத்துக்கொள்கிறோம். தயவுசெய்து அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

பையை ஏன் எடுக்கிறோம்? 1882-ல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்த கார்ல் லாங்கன்பூக் சொன்ன காரணம்தான் இன்றைக்கும் காரணம். பையில் கல் இருக்கிறது என்பதற்காக அதை எடுப்பதில்லை, அது கல்லை உண்டாக்குகிறது என்பதற்காக எடுக்கிறோம். கல்லை மட்டும் பொறுக்கி எடுத்தால் அதே பை மறுபடியும் கல் வைக்கும்.

செரிமானத்தைப் பற்றிய பயம் வேண்டாம். பித்தம் கல்லீரலிலிருந்து எப்போதும்போல வந்துகொண்டுதான் இருக்கும். சேமித்துப் பீய்ச்சுவதற்குப் பதிலாகச் சிறிது சிறிதாக நேரே குடலுக்கு இறங்கும். சிலருக்கு முதல் சில வாரம் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரும், பெரும்பாலோருக்கு அது தானாகச் சரியாகும். இட்லி, ரசம் சாதம், மோர் என்று தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். வாழ்நாள் பத்தியம் எதுவும் இல்லை.

ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தில் கல்லீரல் சோதனையைப் பார்க்கவேண்டும். அதில் கோளாறு இருந்தாலோ, ஸ்கேனில் பித்தக்குழாய் விரிந்திருந்தாலோ, கல் குழாயில் இறங்கியிருக்கிறதா என்று எம்.ஆர்.சி.பி. என்ற ஸ்கேன் எடுப்போம். இருந்தால் வாய்வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை முதலில் எடுத்துவிட்டு, பிறகு பைக்கு வருவோம். எல்லாம் சரி என்றால் நான்கு சின்னத் துளைகளில் லேப்ராஸ்கோப்பி போதும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு வரலாம், இரண்டு வாரத்தில் சாதாரண வேலை செய்யலாம். உள்ளே நிரப்பும் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் ஒன்றிரண்டு நாள் தோள் வலிக்கும், அதைக் கண்டு பதறவேண்டாம். முக்கியமான ஆபத்து, பித்தக்குழாயில் காயம் படுவது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது நேர்கிறது. உறுப்புகள் தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை என்றால் மருத்துவர் வயிற்றைத் திறந்து செய்வார். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பாதுகாப்புக்காக எடுக்கும் நல்ல முடிவு அது.

அம்மாவின் தொப்புள் குடலிறக்கத்தையும் சேர்த்துச் செய்யலாமா என்பது பையின் நிலையைப் பொறுத்தது. தொப்புள் வழியாகத்தான் ஒரு துளை போடுகிறோம் என்பதால் வசதி இருக்கிறது. 1 செ.மீ.க்கு மேல் ஓட்டை இருந்தால் வலை வைப்பது நல்லது, நூலால் மட்டும் தைத்தால் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் பையில் சீழ் இருந்தாலோ பித்தம் சிந்தினாலோ அங்கே வலை வைக்க நான் தயங்குவேன். அதில் கிருமி தங்கிவிட்டால் பெரிய தொல்லை. அப்போது நூலால் தைத்து முடித்து, தேவைப்பட்டால் வலையைச் சில மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். இரண்டு வழிக்கும் சம்மதம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவையுங்கள்.

இனி அப்பா. தொடை இடுக்குக் குடலிறக்கம் ஆண்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருவதுதான். வயிற்றுச் சுவரில் ஓர் இடம் நைந்து, டயர் கிழிசல் வழியாக டியூப் பிதுங்குவதுபோல உள்ளே இருப்பது வெளியே தள்ளுகிறது. வலி இல்லாமல், படுத்தால் உள்ளே போய்விடுகிற ஆண்களை உடனே ஆபரேஷன் செய்யாமல் கவனித்து வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. திடீரென்று மாட்டிக்கொண்டது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அதனால் அவர் காத்திருக்கலாம் என்கிறேன். அதே ஆட்களைப் பத்து வருடம் கவனித்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள், பெரும்பாலும் வலி தொடங்கியதால். எனவே சில மாதம் தள்ளிப்போடலாம், ஒரேயடியாக மறந்துவிட முடியாது. இந்தக் கணக்கு ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குத் தொடை இடுக்கில் வீக்கம் வந்தால் காத்திருக்கக் கூடாது, அவர்களுக்கு வரும் வகைகளில் ஒன்று சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

பெல்ட் ஓட்டையை அடைக்காது. குடலை உள்ளே தள்ளாமலேயே மேலே இறுக்கிக் கட்டினால் குடல் நசுங்கும். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் காலையில் படுத்தபடியே, வீக்கம் முழுக்க உள்ளே போன பிறகு கட்டச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பந்தல் சாமான், அரிசி மூட்டை எதையும் அவர் தூக்கவேண்டாம்.

வலை பாலிப்ரொப்பிலீன் என்ற பொருளால் ஆனது. 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் லிச்டன்ஸ்டைன் என்பவர், தசையை இழுத்துத் தைக்காமல் மேலே வலையை விரித்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். அதற்குப் பிறகு திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. வலையால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான குறை வேறு: நூற்றில் பத்துப் பேருக்கு அந்த இடத்தில் மாதக்கணக்கில் ஓரளவு வலி தங்குகிறது. நடமாட்டத்தைத் தடுக்கும் அளவு வலி அவர்களில் சிலருக்குத்தான். வலியே இல்லாத உங்கள் அப்பாவை நான் அவசரப்படுத்தாததற்கு இதுவும் ஒரு காரணம். இந்த இடைவெளியில் பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்தவைத்து, இருமல், மலச்சிக்கல், சிறுநீர் முக்கிப் போவது மூன்றையும் சரிசெய்துகொள்ளுங்கள். முக்கல் தொடர்ந்தால் எந்தத் தையலும் தாங்காது. துளைவழி செய்வதா, திறந்து செய்வதா என்பதை அவருடைய இதய நிலையையும் உங்கள் மருத்துவரின் பழக்கத்தையும் வைத்து முடிவு செய்யலாம். திறந்து செய்தால் முழு மயக்கம்கூடத் தேவைப்படாது.

இருவரில் யாருக்கானாலும் வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக நின்று, வலித்து, வாந்தி எடுத்தால், அல்லது காற்றும் மலமும் போகாமல் வயிறு உப்பினால், அழுத்தித் தள்ளிப் பார்க்காதீர்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குடலுக்கு ரத்தம் நின்ற பிறகு கையில் இருப்பது சில மணி நேரம்தான். அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல், கண் மஞ்சள், ஆறு மணி நேரம் தாண்டியும் அடங்காத வலி வந்தாலும் அதே அவசரம்தான்.

அம்மாவுக்குத் தேதி குறிக்கும்போது கல்யாணத்துக்கு ஒன்றரை மாதமாவது இடைவெளி விடுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8-க்கு மேல் இருந்தால் இன்றைக்கே அதைக் குறைக்கத் தொடங்கவேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இருந்தால் அதையும் சொல்லவேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அது எங்கே செல்லும் என்று முதலில் விசாரித்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறையவேண்டும். கூடினாலோ, காய்ச்சலோ மஞ்சளோ வந்தாலோ தையல் பிரிக்கும் நாள் வரை காத்திருக்காமல் திரும்பப் போங்கள், பித்தம் உள்ளே கசிகிறதா என்று பார்க்கவேண்டும். எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதன் அறிக்கை வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். கல்யாண வேலையில் விட்டுவிடாமல் அதை வாங்கி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.