மருத்துவச் சொற்களைத் தமிழ் வரிசையில் பிரித்துப் படியுங்கள்

கேள்வி: தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, இந்த ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் வரும் மருத்துவச் சொற்களில் பாதி புரிவதில்லை. கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்களைப் படித்தால் எளிது என்று சீனியர் அக்கா ஒருவர் 300 வேர்கள் உள்ள பட்டியல் கொடுத்தார். மனப்பாடம் செய்கிறேன், மூன்றே நாளில் மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா? இப்படிப் படித்தால் ஆங்கிலம் பேசவும் வருமா?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். பின்னால் தேடிப் பார்க்க அது உதவும். ஆனால் எந்தச் சொல்லிலும் பார்த்திராத ஒரு வேரைத் தனியாக உருப்போட்டால், மனதில் அது ஒட்டிக்கொள்ள இடம் இல்லை. முதலில் சொல்லைப் பார்க்க வேண்டும், அப்புறம் அதை உடைத்து வேரை எடுக்க வேண்டும்.

சர்ஜரி வார்டில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்: கோலிசிஸ்டெக்டமி. கோலி என்றால் கிரேக்கத்தில் பித்தம். சிஸ்ட் என்றால் பை. எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. அப்படியே வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பித்தம், பை, நீக்கம். பித்தப்பை நீக்கம்! ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை.

ஆங்கிலப் பாடநூல் இதை விளக்கும்போது நீக்கத்தை முன்னால் வைத்து, பித்தப்பையைப் பின்னால் சொல்லும். நீங்கள் அதைப் படித்து, மனதுக்குள் திருப்பிப் போட்டு, பிறகு தமிழில் புரிந்துகொள்கிறீர்கள். இந்தச் சுற்று தேவையே இல்லை. ஆர்த்ரால்ஜியா என்பது மூட்டு வலி. ஹெப்படைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. கார்டியாலஜி என்பது இதய இயல். எல்லாம் தமிழ் வரிசைதான். எந்த உறுப்பு என்பது முன்னால், அதற்கு என்ன ஆயிற்று என்பது கடைசியில். தமிழ் வழியில் படித்தது இந்தப் பாடத்தில் உங்களுக்குக் குறை இல்லை, கைகொடுக்கும் பலம். இதை முழு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

அதனால் நீளமான சொல்லைக் கண்டால் வாலிலிருந்து தொடங்குங்கள். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. ஆல்ஜியா என்றால் வலி. மெகாலி என்றால் பெருத்தல். ஈமியா என்றால் இரத்தத்தில், யூரியா என்றால் சிறுநீரில். வால் தெரிந்துவிட்டால் பாதிச் சொல் புரிந்த மாதிரி.

துண்டுகள் சேரும் இடத்தில் வரும் 'ஓ' பலரையும் குழப்பும். காஸ்ட்ரோஸ்கோப்பியில் அந்த ஓ இருக்கிறது, காஸ்ட்ரைட்டிஸில் இல்லை. ஏன்? பின்னால் வரும் விகுதி உயிரொலியில் தொடங்கினால் ஓ விழுந்துவிடும். நாடு, எங்கும் இரண்டும் சேர்ந்து நாடெங்கும் ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறதே, அது போலத்தான். ஒரே ஒரு விலக்கு: இரண்டு உறுப்புப் பெயர்கள் சேரும்போது உயிர் வந்தாலும் ஓ நிற்கும். காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ், அதாவது இரைப்பை குடல் அழற்சி, அப்படிப்பட்டது.

அடுத்து, ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் ஏன் என்று கேட்பீர்கள். சிறுநீரகம் ஓரிடத்தில் ரீனல், இன்னோரிடத்தில் நெஃப்ரோ. முதலாவது லத்தீன், இரண்டாவது கிரேக்கம். பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரடீஸ் மரபின் நூல்களும், அவருக்குப் பின் வந்த மருத்துவர் கேலனின் நூல்களும் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. பிறகு ஐரோப்பாவில் லத்தீன் அறிஞர்களின் மொழியானது. உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் 1543-இல் வெளியிட்ட உடற்கூறு நூல் லத்தீன்தான். அதனால் பெரும்பாலும் உடல் பாகங்களின் பெயர் லத்தீனிலும், நோய், சிகிச்சையின் பெயர் கிரேக்கத்திலும் அமைந்தன. சில பெயர்களில் இரண்டும் கலந்திருக்கும். டயாபெட்டிஸ் மெலைட்டஸில் முதல் சொல் கிரேக்கம், 'ஊடாகக் கடந்து போவது' என்று பொருள். இரண்டாவது லத்தீன், 'தேன் போல் இனிப்பானது'. நம் ஊரில் இதே நோயை நீரிழிவு என்கிறோம், சித்த மருத்துவம் மதுமேகம் என்கிறது, இங்கே மது என்றால் தேன். நீர் போவதையும் தேன் இனிப்பையும் நம்மவர்களும் கவனித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

இனி நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம். ஹைப்பர் என்றால் மிகை, ஹைப்போ என்றால் குறை. ஹைப்பர்கிளைசீமியாவுக்கு, அதாவது இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், இன்சுலின் தேவைப்படலாம். ஹைப்போகிளைசீமியாவில், அதாவது சர்க்கரை குறைந்தால், உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றுக்கு இன்னொன்றின் மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வார்டு சத்தத்தில் இரண்டும் ஒன்று போலவே கேட்கும். அதனால் சந்தேகம் வந்தால் சர்க்கரை அளவு எத்தனை என்று எண்ணைக் கேளுங்கள், எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

நம் உச்சரிப்பில் ஒன்றாகிப் போகும் இன்னொரு ஜோடி உண்டு. ஆன்டிநேட்டல் வார்டில் வரும் ஆன்டி லத்தீன், 'முன்' என்று பொருள், பிரசவத்துக்கு முன். ஆன்டிபயாட்டிக்கில் வரும் ஆன்டி கிரேக்கம், 'எதிர்' என்று பொருள். ஆங்கிலத்தில் முதலாவது e எழுத்திலும் இரண்டாவது i எழுத்திலும் முடியும். பீடியாட்ரிக்ஸும் (குழந்தை மருத்துவம்) பெடல் எடிமாவும் (பாத வீக்கம்) இதே கதைதான். முன்னதில் குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர், பின்னதில் பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர்.

வேர் சொல்லும் பொருள் மருத்துவ வரையறை ஆகிவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். அன்யூரியா என்றால் வேர்ப்படி சிறுநீரே இல்லை. ஆனால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 100 மி.லி.க்குக் குறைவாகப் போனாலே அந்தச் சொல்லைப் பொதுவாகப் பயன்படுத்துவார்கள். 400 மி.லி.க்குக் குறைந்தால் ஆலிகூரியா, 3 லிட்டரைத் தாண்டினால் பாலியூரியா. மலேரியாவுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். நோய்க்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலுக்குள் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆகவே வேரை வைத்துப் பொருளை ஊகியுங்கள், பிறகு அகராதியில் சரிபாருங்கள். பார்க்கின்சன் போன்ற ஆள் பெயர் கொண்ட நோய்களை உடைக்க முயல வேண்டாம்.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அன்றைய வகுப்பில் கேட்ட சொற்களில் ஐந்தை மட்டும் நோட்டில் எழுதி, கோடு போட்டுப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டின் கீழும் தமிழை எழுதுங்கள். ஒரே துண்டு மூன்று வெவ்வேறு சொற்களில் வந்துவிட்டால், அதை நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் சொந்தப் பட்டியல். அதில் ஐம்பது துண்டுகள் சேர்ந்த பிறகு அக்கா கொடுத்த பட்டியலைத் திறந்து பாருங்கள், தெரிந்த முகங்கள் நிறைய இருக்கும்.

ஆங்கிலம் பேச இது உதவுமா என்று கேட்டீர்கள். பெரிதாக உதவாது. வா, போ, சாப்பிடு, தூங்கு போன்ற அன்றாடச் சொற்கள் ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, கிரேக்கமும் லத்தீனும் அங்கே அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. பேச்சுக்குத் தனியாகத்தான் பழக வேண்டும். டியூட்டி மாறும்போது நோயாளியின் நிலையை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிறார்களே, அதைப் பக்கத்தில் நின்று கேட்டு, அன்று இரவு தோழியிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள்.